வன்னி மேடைக்கு ஒரு மேப்பிள் ட்ரம் செற்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ நல்ல ட்ரம் செற் ஒன்று வாங்கும் பேச்சு எழுந்தால், அது அநேகமாக ஒரு தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வரும். அல்லது திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் போகும் இசைக்குழுவிலிருந்து வரும். அல்லது ஒரு பாடசாலையிலிருந்து வரும். காசில் ஒரு பங்கை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரோ பழைய மாணவரோ தருவார். "வாங்கிறதெண்டால் திறமானதாய் வாங்குவம்" என்பார் ஒருவர். திறமானது என்றால் மேப்பிள் என்பார் இன்னொருவர். அதன் பிறகு பேச்சு எந்தக் கம்பனி, எந்த நிறம் என்று ஓடிவிடும்.

மேப்பிள் நல்ல மரம்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் காசு பலன் தருமா என்பது வேறு மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது. எந்த இடத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? கட்டையின் விளிம்பும் அதன்மேல் போடும் தோலும் எப்படி இருக்கின்றன? இரும்புச் சாமான் ஒன்று உடைந்தால் அதை இங்கேயே திருத்த முடியுமா? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். வன்னியில் வாங்குபவருக்கு அதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். உயர்தர ட்ரம் கட்டைகளுக்குப் பெரும்பாலும் பாவிப்பது வட அமெரிக்காவின் கடின மேப்பிள். பாகு எடுக்கிறார்களே, அந்த மரம். ஒன்ராறியோ, கியூபெக், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய இடங்களின் குளிர்க் காடுகளில் மெதுவாக வளர்வதால் அதன் நார் நெருக்கமாக இருக்கும். ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 700 கிலோ எடை. நமது பாலை மரம் 1000 கிலோவைத் தொடும். முதிரையும் அதற்குச் சற்றுக் கீழேதான். அப்படியானால் முதிரையிலேயே ட்ரம் கட்டை செய்யலாமே என்று தச்சுவேலை தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. செய்ய முடியும். ஆனால் அந்த எடையில் கட்டை எளிதில் அதிராது. மெல்லிய தகடாகச் சீவி வளைப்பதும் கடினம். முதிரையையும் பாலையையும் வெட்டவும் ஏற்றவும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலாக்கட்டையை ஒரே துண்டாகக் குடைகிறார்கள். ட்ரம் கட்டை அப்படி வருவதில்லை. மரத்தைக் கடதாசிபோல் மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒரு தகட்டின் நார் நெடுக்காகவும் அடுத்ததின் நார் குறுக்காகவும் வரும்படி பசை பூசி, வட்ட அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். தவில் கட்டை தடிப்பானது. சிறிது இழுத்தாலும் வார் அதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்புள்ள ட்ரம் கட்டையை ஒரே மரத்தில் எடுத்தால், மாரியில் ஈரம் குடித்துக் கோடையில் காய்ந்து வட்டம் கெட்டுப்போகும் ஆபத்து அதிகம். குறுக்கு நார்தான் அதை வட்டமாக நிறுத்துகிறது. ஆகவே தகடு ஒட்டிய மரம் என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம்.

கட்டையின் தடிப்பு ஒலியை மாற்றும். ஐந்து, ஆறு மில்லிமீற்றர் கட்டை மெல்லத் தட்டினாலே திறந்து பேசும். ஒலி தாழ்ந்தும் உருண்டும் வரும். எட்டு மில்லிமீற்றருக்கு மேல் போனால் ஒலி உரத்து, கூர்மையாகி, பலமாக அடித்தால்தான் முழுதாக வெளிவரும். மெல்லிய கட்டைகளின் உட்புறத்தில் மேலும் கீழும் ஒரு வளையம் ஒட்டியிருந்தால், அது கட்டை வட்டம் கெடாமல் இருப்பதற்காக.

மேப்பிளின் குணம் இதுதான்: கீழ் ஒலி இதமாக இருக்கும், நடு ஒலியும் மேல் ஒலியும் சமமாக வரும், அடித்த ஒலி நீண்டு நிற்கும். பிர்ச் மரம் அடியின் கூர்மையை முன்னே தள்ளி, நடு ஒலியைக் குறைத்து, விரைவில் அடங்கிவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெயரெடுத்த யமஹா ரெக்கோடிங் கஸ்டம் பிர்ச்சில் செய்ததுதான். மஹோகனி கீழ் ஒலியில் கனம் கூடியது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை மலையாக்கிச் சொல்வார்கள். ஒரே தோலைப் போட்டு, ஒரே சுருதிக்கு முறுக்கி, கண்ணை மூடிக் கேட்டால் மரத்துக்கு மரம் வேறுபாடு இருக்கிறது, ஆனால் சிறிது. தோலை மாற்றினால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிது.

நம் காதுக்குப் பழகிய ஒலி எது என்பதையும் யோசிக்க வேண்டும். இங்குள்ள இசைக்குழுக்கள் அதிகம் வாசிப்பது திரைப்பாடல்கள். இளையராஜாவின் பாடல்களில் புருஷோத்தமன் வாசித்த ட்ரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள், டொம் என்றால் இறுக்கமாக விழுந்து உடனே அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த ஒலிக்கு மேப்பிளை நன்றாக அடக்க வேண்டியிருக்கும். நோயல் கிராண்டையும் பில்லி கோபத்தையும் ஆதர்சமாகச் சொல்லும் சிவமணியைப்போல் டொம்களின்மேல் நீண்ட ஓட்டங்கள் வாசிக்க விரும்புபவருக்கு மேப்பிளின் திறந்த ஒலி பெரிய வரம். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப்பிசையைப் பைலா அடியோடு வாசிப்பவருக்கு டொம்மைவிட ஸ்னேரும் ஹைஹற்றும்தான் முக்கியம்; அவர் மேப்பிளுக்கு என்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

இனி இடம். 2009க்குப் பிறகு வன்னியில் எழுந்த தேவாலயங்களையும் பாடசாலை மண்டபங்களையும் நினைத்துப் பாருங்கள்: சீமெந்துத் தரை, பூசிய சுவர், தகரக் கூரை. கைதட்டினால் ஒலி திரும்பி வரும். அந்த இடத்தில் மேப்பிளின் நீண்ட ஒலி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பாடுபவரின் சொல்லை விழுங்கிவிடும். 22 அங்குல பேஸ் ட்ரம் ஒன்றை அப்படியான மண்டபத்தில் திறந்த ஒலியோடு வைத்தால், பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்பது ஒரு முழக்கம் மட்டுமே. இந்த மண்டபங்களுக்கு 20 அங்குல பேஸ் ட்ரம்மும், 10, 12, 14 அங்குல டொம்களும் போதும். இரட்டைப் படலத் தோல் போட வேண்டும். பேஸ் ட்ரம்முக்குள் இரு தோல்களையும் தொடும்படி ஒரு தலையணை வைக்க வேண்டும். செற்றின் கீழே தடித்த கம்பளமும், பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலையும் வேண்டும். மண்டபத்துக்கு வெளியே ஒருபோதும் கொண்டுபோகப் போவதில்லை என்றால், என் ஆலோசனை மேப்பிளே வேண்டாம் என்பதுதான். நடுத்தர விலையில் ஒரு பிர்ச் செற் வாங்கி, மிஞ்சும் காசில் நல்ல சிம்பல்களும் திரைச்சீலையும் வாங்குங்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

வெளி மேடையில் எல்லாம் தலைகீழ். கோயில் வீதியிலும் பாடசாலை மைதானத்திலும் கடற்கரையிலும் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. அடித்த ஒலி காற்றோடு போய்விடும். அங்கே கட்டை தானாக நீட்டித் தரும் ஒலிதான் நமக்கு மிச்சம். மேப்பிள் தன் விலையை அங்கேதான் திருப்பித் தருகிறது. ஒலிவாங்கியை நெருக்கி வைத்தால் கீழ் ஒலி முழுதாகக் கிடைக்கும். 22 அங்குல பேஸ் ட்ரம், 10, 12, 16 அங்குல டொம்கள் வெளி மேடைக்குப் பொருந்தும். பேஸ் ட்ரம்மின் ஆழம் 16 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் ஏற்றி இறக்கச் சிரமம் கூடும், பெடலின் அடிக்கு ஒலி எழுவதும் மந்தமாகும். இரண்டு இடத்திலும் வாசிக்கும் குழு 20 அங்குலத்தையே எடுக்கலாம். சிறிய ட்ரம்மை ஒலிவாங்கியால் பெருக்க முடியும். பெரிய ட்ரம்மை மண்டபத்துக்குள் சிறிதாக்குவது அவ்வளவு எளிதல்ல.

உயர்தரக் கட்டையையும் மட்டமான கட்டையையும் உண்மையில் பிரிப்பது விளிம்பு. தோல் வந்து உட்காரும் அந்த மெல்லிய விளிம்பு 45 பாகையில் கூராகச் சீவப்பட்டிருந்தால் தோலுக்கும் மரத்துக்கும் தொடர்பு குறைவு. ஒலி தெளிவாக, நீளமாக வரும். 30 பாகையில் மழுங்கலாக இருந்தால் மரம் தோலை அதிகம் தொடும். ஒலி இதமாகி, சீக்கிரம் அடங்கும். கிரெட்ஷ் கம்பனியின் அமெரிக்கத் தயாரிப்புகள் 30 பாகை விளிம்புக்குப் பெயர்பெற்றவை. எந்தப் பாகை என்பது விருப்பம். ஆனால் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருப்பது விருப்பமல்ல, கட்டாயம். இதைச் சோதிப்பது எளிது. தோலைக் கழற்றிவிட்டு, மட்டமான தடித்த கண்ணாடியின் மீதோ பளிங்குக் கல்லின் மீதோ கட்டையைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஒரு ரோர்ச் லைற்றை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது வெளிச்சக் கீறு தெரிந்தால் அந்த ட்ரம் ஒருநாளும் சீராகச் சுருதி சேராது. பிறகு விட்டத்தை நாலைந்து திசைகளில் அளந்து பாருங்கள். புதிய தோல் தடையில்லாமல் இறங்கி, கையால் சுழற்றினால் சுழல வேண்டும். பல இலட்சம் ரூபா கொடுக்கிறவர் தோலைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை. மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தோல் என்று சொன்னாலும் இன்றைய ட்ரம்மில் இருப்பது பொலியஸ்ரர் படலம். 1950களின் நடுப்பகுதி வரை கன்றுத்தோல்தான். ஈரம் பட்டால் தொய்யும். பறையைக் காய்ச்சி எடுக்கும் ஊரவர்களுக்கு அந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய கம்பனி பிளாஸ்ரிக் தோலை உலகெங்கும் பரப்பியது. ஒற்றைப் படலத் தோல் பொதுவாக கால் மில்லிமீற்றர் தடிப்பு: திறந்த ஒலி, ஆனால் வேகமாகத் தேயும். இரட்டைப் படலம் அடக்கமான ஒலி, நீண்ட ஆயுள். செற்றோடு வரும் தோல்கள் சில உயர்தரக் கம்பனிகளிலும் சாதாரணமாகவே இருப்பதுண்டு. வாங்கும்போதே ஒரு முழுத் தொகுதி நல்ல தோலை மேலதிகமாக வாங்கிவிடுங்கள். கீழ்ப்பக்கத் தோலையும் மறக்க வேண்டாம். டொம்மின் ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் பாதி அதன் கையில்தான்.

இப்போது இரும்புச் சாமான். இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும்.

உயர்தர மேப்பிள் செற்றின் விலைப்பட்டியலைக் கவனமாகப் பாருங்கள். பல கம்பனிகள் அந்த விலைக்குக் கட்டைகளை மட்டுமே தருகின்றன. ஸ்ராண்ட், பெடல், ஆசனம், சிம்பல் எதுவும் இல்லை. சிலவற்றில் ஸ்னேரும் இல்லை. கட்டைக்கே பல ஆயிரம் டொலர் போய்விட்டால், மிச்சத்துக்கு மலிவான ஸ்ராண்ட் வாங்குவார்கள். அது கட்டைக்குச் செய்யும் அநியாயம். கையிலுள்ள காசில் பாதிக்குமேல் கட்டைக்குப் போகக்கூடாது என்று முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மீதி இரும்புக்கும் சிம்பலுக்கும் தோலுக்கும் பெட்டிக்கும்.

தோலை இறுக்கிப் பிடிக்கும் வெளி வளையம் இரண்டு வகை. உருக்குத் தகட்டை வளைத்துச் செய்தது ஒன்று. வார்ப்பில் எடுத்தது மற்றது. தகட்டு வளையத்தில் 1.6 மில்லிமீற்றர் சாதாரணம், 2.3 மில்லிமீற்றர் உயர்தரம். வார்ப்பு வளையம் விறைப்பானது. தோலைச் சமமாக இழுக்கும், ஒலியை ஒடுக்கிக் குவிக்கும், ஸ்னேரின் ஓர அடி வெடிபோல் விழும். மேப்பிள் டொம்முக்கு எனக்குப் பிடித்தது 2.3 தகட்டு வளையம்தான். மரத்தின் திறந்த ஒலியை அது கெடுக்காது. இன்னொரு காரணம், அது நெளிந்தால் ஓரளவுக்கு நிமிர்த்திப் பாவிக்கலாம். வார்ப்பு வளையம் விழுந்து வெடித்தால் புதிது வாங்கும்வரை அந்த ட்ரம் மூலையில்தான்.

இந்த வார்ப்பு விடயம் வளையத்தோடு முடிவதில்லை. ஸ்ராண்டின் மூட்டுகள், டொம் பிடிகள், ஸ்னேரின் கம்பியை இழுத்துவிடும் நெம்பு, பெடலின் உடல் ஆகியவை பெரும்பாலும் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை வார்ப்புகள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நல்ல வெல்டிங் கடைகளும் கடைசல் பட்டறைகளும் இருக்கின்றன. இரும்புக் குழாய் வளைந்தாலோ முறிந்தாலோ ஒட்டித் தருவார்கள். ஆணியைக் கடைந்து தருவார்கள். துத்தநாக வார்ப்பு வெல்டிங்குக்கு ஒத்துவராது. சூட்டில் உருகி வழியும். ஆகவே ஒவ்வொரு ஸ்ராண்டையும் கையில் எடுத்து, எந்த இடம் உருக்கு, எந்த இடம் வார்ப்பு என்று பாருங்கள். சிறகு நட்டை இறுக்கும்போது வார்ப்புக் காது வளைந்து கொடுத்தால் அது சில பருவங்களில் வெடிக்கும். குழாய் குழாய்க்குள் இறங்கும் மூட்டில் நைலோன் புறணி இருக்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் மூட்டு ஆடத் தொடங்கும், புழுதி உள்ளே போனால் இன்னும் வேகமாக.

மரையின் அளவைக் கேட்டறியுங்கள். பெரும்பாலான கம்பனிகளின் முறுக்காணிகள் ஒரே அளவு மரையில் வருகின்றன. ஒன்றின் ஆணி மற்றதற்குப் பொருந்தும். டீ.டபிள்யூ, சோனர் போன்ற சில கம்பனிகள் வேறு மரை வைத்திருக்கின்றன. அந்த மெல்லிய மரை சுருதியை நுட்பமாகச் சேர்க்க உதவும், உண்மைதான். ஆனால் திருவிழா இரவில் ஓர் ஆணி தொலைந்தால், பக்கத்துக் குழுவிடம் கடன் வாங்கவும் முடியாது, யாழ்ப்பாணத்தில் தேடியும் கிடைக்காமல் போகலாம். சிம்பல் ஸ்ராண்டின் மேல் ஆணி பெரும்பாலும் 8 அல்லது 6 மில்லிமீற்றர். அந்த நட் இரும்புக்கடையில் கிடைக்கும், அதனால் அதில் கவலையில்லை.

டொம்மைத் தாங்கும் முறையையும் சோதிக்க வேண்டும். கட்டையில் துளையிட்டு உள்ளே குழாய் இறக்கும் பழைய முறை அதிர்வை விழுங்கும். கட்டையைத் தொடாமல் முறுக்காணிகளில் தொங்கவிடும் முறையை கேரி கோகர் என்ற அமெரிக்கர் பரப்பினார். யமஹா, பேர்ள், டாமா எல்லாம் தத்தம் வழிகளைக் கண்டுகொண்டன. சோதனை இப்படி: டொம்மை வளையத்தில் இரு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டுங்கள். பிறகு ஸ்ராண்டில் பொருத்தித் தட்டுங்கள். ஒலி நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தால், மேப்பிளுக்கு நீங்கள் கொடுக்கும் காசின் ஒரு பகுதி அந்தப் பிடியிலேயே கரைகிறது. விளம்பரத்தில் எத்தனை பெயர் சொன்னாலும் இந்த ஒரு சோதனை போதும்.

பெடலில் சங்கிலி ஒற்றையா இரட்டையா என்பதைவிட, அடித்தகடு உறுதியா, ஊசலில் பக்கவாட்டு ஆட்டம் உண்டா என்று பாருங்கள். 1909இல் வில்லியம் லட்விக் வேகமாக மிதிக்கக்கூடிய பெடல் ஒன்றைச் செய்து கம்பனி தொடங்கியதிலிருந்து அதன் அடிப்படை அதிகம் மாறவில்லை. உறுதியான எளிய பெடல் நீண்டகாலம் உழைக்கும். ஸ்ராண்டுகளில் இரட்டைக் கால் உள்ளவை வெளி மேடைக்கு நல்லவை. ஆனால் எல்லாவற்றையும் இரட்டைக் காலாக எடுத்தால் இரும்பு மட்டுமே ஓர் ஆள் தூக்க முடியாத எடையாகிவிடும். பட்டா வாகனத்தில் ஏற்றி இறக்குவது ட்ரம்ஸ் அடிக்கிறவரும் அவருடைய தம்பியும்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆசனத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஆடும் ஆசனம் முதுகைக் கெடுக்கும், முதுகு கெட்டால் தாளமும் கெடும்.

வாங்கும் நாளிலேயே ஒரு சிறு தகரப் பெட்டியும் தயார் செய்யுங்கள். ஹைஹற்றின் மேல் சிம்பலைப் பிடிக்கும் கிளச் இரண்டு, பெடலின் வில்சுருள், ஸ்னேர்க் கம்பி ஒரு தொகுதி, அதைக் கட்டும் நூல், ஆறேழு முறுக்காணிகள், கம்பளி வட்டுகள், பிளாஸ்ரிக் குழல்கள், ட்ரம் திறப்பு மூன்று. இவை கொழும்பிலோ கனடாவிலோ வாங்கும்போது சில்லறைச் செலவு. முள்ளியவளையில் சனிக்கிழமை இரவு மேடையேறும் நேரத்தில் இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் முழுச் செற்றும் நின்றுவிடும்.

கம்பனிகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. 1883இல் புரூக்ளினில் தொடங்கிய கிரெட்ஷ் பழைய ஜாஸ் ஒலிக்குரியது; இதமான, குவிந்த ஒலி. லட்விக் அகன்ற, முழக்கமான ஒலி. 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டீ.டபிள்யூ ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்துச் சுருதி பொருந்தும் கட்டைகளையே ஒரு செற்றாகச் சேர்க்கிறது. அழகான வேலை, விலையும் அதற்கேற்றது. யமஹா, பேர்ள், டாமா மூன்றும் ஜப்பானியக் கம்பனிகள். வன்னியில் நான் பரிந்துரைப்பது இந்த மூன்றில் ஒன்றையே. இவற்றின் மலிவான செற்கள் ஆசியாவெங்கும் பரவியிருப்பதால், உயர்தரச் செற்றுக்கும் பொருந்தும் ஆணியும் நட்டும் பிடியும் தேடக்கூடிய தூரத்தில் இருக்கும். யமஹாவின் அப்சலூட் ஹைபிரிட் மேப்பிளில் நடுவே வெங்கே என்ற கடினமான ஆபிரிக்க மரத் தகடு இருக்கும். வெளி மேடையில் ஒலி நன்றாக எறியும்.

சிம்பலைப் பற்றிச் சுருக்கமாக: பித்தளைச் சிம்பல் வேண்டாம். நூற்றுக்கு 80 செம்பும் 20 தகரமும் கலந்த வெண்கலமே உயர்தரம். 1623இலிருந்து சில்ஜியன் குடும்பம் பெயரெடுத்தது இந்தக் கலவையில்தான். நம் தாளக்காரர் தட்டும் தாளமும் வெண்கலக் குடும்பமே, காதுக்கு அது உடனே தெரியும். நாலு சிம்பல் நல்லதாக இருந்தால் எட்டு வேண்டியதில்லை.

வன்னியின் காலநிலை மேப்பிளுக்கு எதிரியல்ல, கவனயீனம்தான் எதிரி. ஒக்டோபரிலிருந்து தை வரை ஈரம். அதன்பின் மாதக்கணக்கில் வெயிலும், சோளகம் கிளப்பும் செம்புழுதியும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று குரோமியப் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துருவைக் கொண்டுவரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடையுங்கள், வியர்வையும் உப்புத்தான். முறுக்காணியின் மரையில் வாசலின் சிறிது போதும். அதிகம் பூசினால் புழுதி ஒட்டி, மரையைத் தேய்க்கும் பசையாகிவிடும். ஆண்டுக்கொருமுறை பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். கறுப்பு நிறச் செற்றை மாலை வெயில் படும் மேடையில் மத்தியானமே அடுக்கி வைக்காதீர்கள். அலைந்து திரியும் குழுவுக்கு, மெருகு பூசிய மரத்தைவிடப் பிளாஸ்ரிக் உறை ஒட்டிய கட்டை ஏற்றது, கீறல் தாங்கும்.

கறையானை மறக்கக்கூடாது. மேப்பிள் கறையானுக்கு எதிர்ப்பு இல்லாத மரம். பாலையும் முதிரையும் நின்று பிடிக்கும் இடத்தில் இது நின்று பிடிக்காது. தேவாலயத்தின் பின்னறையில் தரையோடு வைத்த பெட்டிக்குள் கறையான் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. இரும்புக் காலுள்ள மேசையில், சுவரைத் தொடாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்புபவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். தோல்களைக் கழற்றினால் சிறிய கட்டைகளைப் பெரியவற்றுக்குள் துணி சுற்றி இறக்கலாம், இடம் மிச்சமாகும். விளிம்பு எதிலும் முட்டக்கூடாது. நீளவாக்கில் பிளந்த றபர்க் குழாயை விளிம்பைச் சுற்றிச் சொருகி அனுப்பினால் பாதுகாப்பு. இரும்புச் சாமானை ஒருபோதும் கட்டையோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் நாலைந்து போடச் சொல்லுங்கள். பொருள் பட்டியலும் விலைச்சிட்டையும் வேண்டும். சுங்கத்தில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதைப் பெட்டி புறப்படுமுன்னே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் அன்றே முறுக்க ஆசைப்படுவீர்கள். குளிர்நாட்டு மரம் நம் காற்றுக்குப் பழக ஒரு கிழமை விடுங்கள். பிறகு விளிம்பை மென்துணியால் துடைத்து, தோலை வைத்து, எல்லா ஆணிகளையும் விரலால் முட்டும்வரை இறுக்குங்கள். அதன்பின் திறப்பால், ஒன்றுக்கொன்று எதிரான ஆணிகளைக் கால் சுற்று கால் சுற்றாக. பேஸ் ட்ரம் தவிர மற்றவற்றில், நடுவில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை பலமாக அழுத்துங்கள்; தோலின் ஓரத்துப் பசை முறியும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை ஒவ்வோர் ஆணிக்கு அருகிலும் தட்டிக் கேட்டுச் சுருதியைச் சமப்படுத்துங்கள்.